மழுக்கிய விளிம்புகள்

மார்ச் 4, செவ்வாய்

மறுபடியும் அதே மூலை. சாப்பாட்டு மேசையின் சன்னல் பக்கத்து மூலை. என் வீட்டுக்காரி தண்ணீர் எடுக்கத் திரும்பியிருக்கிறாள், முழங்கைக்குக் கீழே தோல் உரிந்து மடங்கிவிட்டது. இரத்தம் உறையாமலிருக்க இதய டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து இப்படித்தான். வயதில் தோல் ஏற்கெனவே வெங்காயச் சருகு. உரசினால் கிழிகிறது, கிழிந்தால் இரத்தம் நிற்க மாட்டேன் என்கிறது.

துணியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் என்னவோ, "சட்டையில படாம பிடிங்க, கறை போகாது" என்கிறாள்.

மகளுக்கு யார் சொன்னார்கள்? நான் சொல்லவில்லை. சாயங்காலம் போன்.

"அப்பா, அந்த மேசையத் தூக்கிப் போடுங்க. அது மேசையா, அரிவாளா?"

அரிவாளாம்! வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதிக்கொண்டிருந்த காலத்தில், விடுமுறை நாளெல்லாம் உட்கார்ந்து நான் செய்த மேசை. யாரும் சொல்லித் தரவில்லை. கெடுத்து, திரும்பச் செய்து, அதையும் கெடுத்து, நானாகக் கற்றுக்கொண்டது. அந்த விளிம்பு கோடு போட்ட மாதிரி கூராக நிற்கிறதென்றால் சும்மா வரவில்லை. மழுங்கின விளிம்பு என்பது தப்பை மறைக்கிறவன் செய்கிற வேலை. இவள் எழுத்துப் பழகியதே அந்த மேசையில்தான். அப்போதெல்லாம் அரிவாளாகத் தெரியவில்லை.

கடைசியாகச் சொன்னதுதான் நெஞ்சில் நிற்கிறது. "அடுத்த வாரம் ஞாயித்துக்கிழம வருவோம். இதெல்லாம் இப்படியே இருந்துச்சுன்னா அம்மாவ எங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவேன்."

எடுத்துக்கொண்டு போவாளாம். என்ன, நூலகப் புத்தகமா?

மார்ச் 6, வியாழன்

மாப்பிள்ளை வேலை முடிந்து போகிற வழியில் வந்தார். கையில் ஒரு சுருள், சாம்பல் நிறப் பஞ்சுப்பட்டை, பின்னால் பசை.

"மாமா, இத மூலைக்கெல்லாம் ஒட்டிட்டா போதும். சின்னப் பிள்ளைங்க இருக்கற வீட்டுல எல்லாரும் இதான் ஒட்டறாங்க."

என் மேசைக்குப் பஞ்சு. வாய்வரை வந்துவிட்டது. ஆனால் மாப்பிள்ளையிடம் குரலை உயர்த்த முடியுமா? "ஒட்டுங்க மாப்பிள்ளை" என்றேன். என் வாயால் சொன்னேன்! அவர் மண்டியிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, கோணல்மாணலாக ஒட்டினார். நான் பக்கத்தில் நின்று கத்தரிக்கோல் எடுத்துக் கொடுத்தேன்.

அவர் போனதும் பிய்த்துப் போட்டேன். பசையோடு பாலிஷும் உரிந்து வந்தது.

"அவரு படியிறங்கற சத்தம்கூட இன்னும் அடங்கல" என்றாள் கட்டிலில் இருந்தபடியே.

"நீயும் அவங்க கட்சியா?"

"எனக்கு எதுக்குங்க கட்சி? எனக்குக் கை வலிக்குது."

கட்டை அவிழ்த்துப் புதுத் துணி சுற்றிவிட்டேன்.

மார்ச் 8, சனி

சரி. விளிம்புதானே குற்றவாளி? உருட்டிவிடுகிறேன். பஞ்சு வேண்டாம், பசை வேண்டாம். விளிம்பு செதுக்குகிற ரூட்டர் மெஷின் இருக்கிறது, கை இருக்கிறது. அதில் மாட்டுகிற வெட்டுமுனை, பிட்தான் வேண்டும்.

கருவிக் கடைக்காரன் என்னைப் பார்த்ததும் ஒரு பெட்டியைத் தூக்கி வைத்தான். திறந்தால் வரிசையாகப் பளபளவென்று பிட்டுகள், நகைக்கடை மாதிரி.

"பெரியவரே, செட்டா வாங்கிக்கங்க. எது வேணாலும் வெட்டலாம்."

எது வேண்டுமானாலும் வெட்டும் என்று சொல்லப்படுவது எதையும் ஒழுங்காக வெட்டாது. அந்தப் பெட்டியில் பாதியை நான் சாகும்வரை தொடப்போவதில்லை. அதைவிட மோசம், எல்லாம் மெல்லிய தண்டு. சின்ன பிட்டுக்கு மெல்லிய தண்டு போதும். பெரிய தலையை மெல்லிய தண்டில் மாட்டினால் தலைக்கனம் பிடித்தவன் மாதிரி ஆடும், மரத்தில் அலை அலையாக விழும். தடித்த தண்டு வேண்டும் என்றேன். நுனியில் மரத்தை ஒட்டி உருளுகிற பேரிங் இருக்க வேண்டும், அதுவும் கையால் சுழற்றினால் சத்தமில்லாமல் சுற்ற வேண்டும் என்றேன். அவன் பெருமூச்சு விட்டான்.

"எந்த ரேடியஸ் பெரியவரே?"

அதுதான் கேள்வி. வீட்டில் மூன்று மில்லிமீட்டரும் ஆறும் இருக்கின்றன. ஒன்பதும் பன்னிரண்டும் வாங்கி வந்தேன். 'பெரியவரே'யை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

எந்த வளைவில் தோல் கிழியாது? எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது? என் தோலில் சோதிக்க முடியாது, எருமைத் தோல். நன்றாகப் பழுத்த தக்காளிகளை எடுத்துக்கொண்டேன். அதே மரத்துண்டுகளில் நான்கு விளிம்பு வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரே வேகத்தில் தக்காளியை இடித்துப் பார்த்தேன்.

மூன்றில் பட்டதும் பிளந்தது. ஆறில் கன்றியது, பிளக்கவில்லை. ஒன்பதில் இலேசாக ஒரு தடம். பன்னிரண்டில் ஒன்றுமே இல்லை, கன்னத்தில் தட்டிக் கொடுத்த மாதிரி.

அவள் வாசலில் வந்து நின்றாள். "தக்காளி என்னங்க பாவம் பண்ணுச்சு?"

"உனக்காகத்தான் செய்றேன்."

"சமையலுக்கு ரெண்டாவது மிச்சம் வைங்க."

பன்னிரண்டுதான். முடிவு. மேலேயும் கீழேயும், எல்லா மரச்சாமான்களுக்கும். யாரும் இனி வாயைத் திறக்கக் கூடாது.

மார்ச் 12, புதன்

மேசை முடிந்தது. மேலும் கீழும் பன்னிரண்டு எடுத்தால் ஒரு அங்குலப் பலகையில் நடுவே நூல் அளவுதான் மிஞ்சும். இரண்டாவது பக்கம் வெட்டும்போது பேரிங் உருள இடமே இருக்காது. தெரியாதவன் அங்கேதான் கெடுப்பான். நான் நேரான சட்டம் ஒன்றை இறுக்கிக் கட்டி, அதை ஒட்டியே ரூட்டரை ஓட்டினேன். பெரிய பிட், வேகத்தைக் குறைத்து, ஒரேயடியாக ஆழம் போகாமல் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி. ஓர் இடத்தில் மட்டும் கை நின்றுவிட்டது, மரம் கருகிவிட்டது. தேய்த்து எடுத்தேன்.

அரிவாள் என்றவள் வந்து பார்க்கட்டும்.

மார்ச் 14, வெள்ளி

கட்டிலின் பக்கப் பலகை, சுவரோரத்து நீள அலமாரி இரண்டும் முடிந்தன. குளியலறைக்குப் போகும் வழியிலுள்ள சின்ன அலமாரி மட்டும் பாக்கி. வீடு முழுக்க ஒரு கூர்மை இல்லை. ஆற்றில் கிடந்த கல் மாதிரி எல்லாம் வழவழவென்று.

அவளைக் கூப்பிட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னேன். தடவினாள். "ம்" என்றாள். இத்தனை உழைப்புக்கு ஒரு 'ம்'.

மார்ச் 16, ஞாயிறு

பேனாவை அழுத்தியதில் தாள் கிழிந்துவிட்டது. கோபத்தில்தான்.

வந்தார்கள். மகள் மேசையைச் சுற்றித் தடவிக்கொண்டே போனாள். "நல்லாருக்குப்பா. இத அன்னைக்கே செஞ்சிருக்கலாம்" என்றாள். அந்த இரண்டாவது வாக்கியம் இல்லாமல் அவளுக்குப் பேசத் தெரியாது. போகட்டும். மனம் குளிர்ந்துதான் இருந்தது.

சாப்பிட்டு முடித்து என் வீட்டுக்காரி எழுந்தாள். தினமும் எழுவது மாதிரி இடது கையை மேசை விளிம்பில் வைத்து உடம்பைத் தூக்கினாள். விரல்கள் சோப்பில் வைத்த மாதிரி வழுக்கின. நாற்காலி பின்னால் சாய்ந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம்கூடப் போடவில்லை.

எலும்பு முறிவு இல்லையாம். மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. இடுப்பில் இரத்தம் கட்டி, கத்தரிக்காய் நிறத்தில்.

மருத்துவமனையிலிருந்து வந்ததும் மகள் பையை எடுத்து இவள் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள்.

"அப்பா, நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க."

"நான் என்ன சொன்னேன்?"

"உங்க மூஞ்சியே சொல்லுது."

"வழுக்குனது என் தப்பா? வழவழன்னு வேணும்னு கேட்டது யாரு?"

"நான் பஞ்சு ஒட்டத்தான்ப்பா சொன்னேன். நீங்கதான் வீம்புக்கு..." அழுதாள். மாப்பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவள் செருப்பை மாட்டும்போது, "அடுப்பு மேல பால் இருக்கு, காய்ச்சிடுங்க" என்றாள். நான் கார் வரைக்கும் போகவில்லை. எதற்குப் போக வேண்டும்?

மார்ச் 17, திங்கள்

மரத்தூளைப் பெருக்கவில்லை. யாருக்காகப் பெருக்க?

மார்ச் 20, வியாழன்

மகள் வீட்டிலிருந்து இவள் போனில் பேசினாள். நான் கூப்பிடவில்லை, அவள்தான் கூப்பிட்டாள். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

கை எப்படி, சாப்பாடு எப்படி என்று ஆன பிறகு கேட்டே விட்டேன். "இத்தனை வருஷமா எழுந்து நிக்கற. அன்னைக்கு மட்டும் எப்படி விழுந்த?"

"பிடிக்க எடமில்லங்க."

"அவ்வளவு பெரிய மேசை!"

"மேசைய யாரு பிடிச்சா? விளிம்பத்தான பிடிப்பேன். கட்டில்லேர்ந்து அலமாரி, அலமாரிலேர்ந்து மேசை, அப்படியே விரல அடில மாட்டிக்கிட்டுத்தான் நான் வீட்டுக்குள்ள நடக்கறதே. நீங்க பாத்ததே இல்லையா?"

"நீ சொன்னியா?"

"நீங்க கேட்டீங்களா? தக்காளிகிட்டதான கேட்டீங்க. தக்காளிக்கு ஏது கை?"

போனை வைத்துவிட்டேன். மனுஷனைக் குத்திக் குத்திப் பேசுவதற்கு அவளுக்கு நடக்க வேண்டியதில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே முடியும்.

மார்ச் 21, வெள்ளி

குளியலறை வழியில் இருக்கும் சின்ன அலமாரி, நான் வெட்டாமல் விட்டது. டார்ச் அடித்து அதன் மேற்பலகையின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். பாலிஷ் தேய்ந்து, கறுத்து, விரல் போன வழி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீளமாக. எத்தனை நாள் போனால் இப்படித் தேயும்!

மேசையிலும் கட்டிலிலும் இது இருந்திருக்கும். அதையெல்லாம் தூளாக்கிப் பெருக்கித் தள்ள வைத்திருக்கிறேன்.

ஒரு மனுஷி வீட்டுக்குள் சுவரையும் பலகையையும் பிடித்துத்தான் நடக்கிறாள் என்றால் அதைச் சொல்ல மாட்டாளா? என்ன பிடிவாதம் இது? யாரிடம் கற்றுக்கொண்டாள்?

மார்ச் 24, திங்கள்

அவளைக் கேட்டால் "நல்லாத்தான் வச்சிருக்காங்க" என்கிறாள். பிறகு மெதுவாக, "உக்கார வச்சிருக்காங்க" என்கிறாள். அங்கே மேசை கண்ணாடி, அலமாரியெல்லாம் சுவருக்குள். கை வைக்க எதுவும் இல்லை. எழுந்தாலே மகள் ஓடி வருகிறாளாம். கூப்பிட ஒரு மணி கொடுத்திருக்கிறார்களாம், தலைமையாசிரியர் மாதிரி.

நடக்காவிட்டால் கால் மறந்துவிடும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். மகளிடம் சொன்னேன்.

"விழறதுக்கு உக்காந்திருக்கறது மேலப்பா. இனிமே இங்கயே இருக்கட்டும்."

இனிமேல். அந்த ஒரு வார்த்தையை எவ்வளவு சுலபமாகச் சொல்கிறாள். ஒரு மாதம் உட்கார்ந்தால் போதும், பிறகு இவள் எழுந்திருக்கப் போவதே இல்லை. அது எனக்குத் தெரிகிறது. இவளுக்கும் தெரியும், அதனால்தான் என்னைக் கூப்பிட்டுப் புலம்பாமல் புலம்புகிறாள்.

மார்ச் 26, புதன்

யோசித்தேன். கிழித்தது விளிம்பு இல்லை, மூலை. இரண்டு காயமும் மூலையில்தான். மூலையைத் தட்டு அகலத்துக்கு வளைத்து அறுத்துவிட்டால் மேல் விளிம்புக்கு ஆறு போதும். ஆறில் கன்றியது, பிளக்கவில்லை.

கீழே உருட்டவே கூடாது. விரல் மாட்ட ஒரு பள்ளம் வேண்டும். எந்த பிட்? நேர்பிட் என்றால் பள்ளத்துக்குள் சதுர மூலை விழும், அதில் தோல் சிக்கும். கூம்பு பிட் வெட்டினால் அடியில் விரல் உட்காராது. உருண்டை மூக்கு பிட்தான், குழாயைப் பிளந்த மாதிரி பள்ளம் விழும். அதற்கு நுனியில் பேரிங் கிடையாது, சட்டம் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். ஓட்டுவேன்.

ஆனால் விளிம்பிலிருந்து எவ்வளவு உள்ளே? அவள் விரல் நுனி எங்கே போய் நிற்கும்? கை அங்கே இருக்கிறது. மகளைக் கூப்பிட்டு, பிசைந்த மாவை ஒரு பலகையின் அடியில் அப்பி, அம்மாவை அதைப் பிடிக்கச் சொல்லி, அந்த அச்சை அனுப்பு என்றேன்.

"அப்பா, உங்களுக்கு என்ன ஆச்சு? அவங்க வரப்போறதில்ல. விட்டுடுங்க."

விட்டுவிடுவதாம்.

மார்ச் 28, வெள்ளி

மாப்பிள்ளை வந்தார். சாப்பாட்டு டப்பாவை மேசைமேல் வைத்து, மூடியைத் திறந்தார். மாவு. அதில் நான்கு விரல் பள்ளம்.

"அத்தை சிரிச்சிக்கிட்டே இருந்தாங்க மாமா. மொதல்ல எடுத்தது பிசகிடுச்சு. இது ரெண்டாவது."

"என் மகளுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நாளைக்கு எனக்கு மத்தியானச் சாப்பாடு இதுதான்."

சிரிக்கக் கூடாது என்று வாயைக் கடித்துக்கொண்டேன். சுண்டுவிரல் அச்சு மட்டும் ஆழமே இல்லை. அந்த விரலில் பலமே இல்லை போலிருக்கிறது. இத்தனை வருடம் குடித்தனம் நடத்திவிட்டு, டப்பாவைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிகிறது.

கிளம்பும்போது கேட்டார். "மாமா, என் மேல கோவமா?"

"மாப்பிள்ளை மேல கோபப்பட முடியுமா?"

"முடியும்னுதான் தெரியுது மாமா."

சரியான ஆள்.

மார்ச் 30, ஞாயிறு

வெட்டின மரத்தை ஒட்ட முடியாது. உருண்ட விளிம்பை நான்கு பக்கமும் அறுத்து எறிந்தேன். என் கையால் செய்த மேசையை என் கையாலேயே. புதுப் பட்டை இணைக்க வேண்டும். வெறும் பசை நிற்காது, அவள் முழு எடையும் அதில்தான் தொங்கும். இரண்டு பக்கமும் நீளப் பள்ளமாகக் காடி வெட்டி, நடுவே ஒட்டுப்பலகை நாக்கு செருக வேண்டும்.

ஆறு மில்லிமீட்டர் காடி பிட் போட்டு வெட்டினேன். நாக்கைச் செருகினால் லொடலொடவென்று ஆடுகிறது. ஒட்டுப்பலகையை அளந்தேன், ஐந்தரைகூட இல்லை. ஆறு என்று விற்கிறான், திருடன்! பலகைக்காக பிட்டா, பிட்டுக்காகப் பலகையா? ஐந்து மில்லிமீட்டர் பிட்டை மாட்டி, புதுத்துண்டில் ஒருமுறை ஓட்டி, ஒரு மயிரிழை உயர்த்தி மறுபடி ஓட்டினேன். கையால் தட்டினால் போகும், உதறினால் விழாது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆடுகிற பட்டைகளை வீசினேன். மறுபடி அறுத்தேன். முதுகு போய்விட்டது.

ஏப்ரல் 3, வியாழன்

மேசை, கட்டில், நீள அலமாரி மூன்றும் முடிந்தன. மேலே ஆறு. அடியில் உருண்டை மூக்கு. மூலைகள் வளைவு. பள்ளத்துக்கும் விளிம்புக்கும் நடுவே நிற்கிற உதட்டுக்கு மூன்று, அது விரல் பிடிக்கத்தான், யாரும் இடிக்கப் போவதில்லை. புதுப் பட்டையின் நிறம் சேரவில்லை, பளிச்சென்று தெரிகிறது. தெரியட்டும்.

மாப்பிள்ளை வந்து தூசி உறிஞ்சும் குழாயைப் பிடித்தார். தப்பான பக்கம் பிடித்தார். ரூட்டர் அலறுகிற சத்தத்தில் நான் திட்டியது அவருக்குக் கேட்கவில்லை. நல்லதாகப் போயிற்று.

ஏப்ரல் 6, ஞாயிறு

"சும்மா பாத்துட்டுப் போகத்தான்" என்று மகள் வாசலிலேயே நிபந்தனை போட்டாள். பையைக் காரிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

இவள் கட்டிலில் உட்கார்ந்தாள். மகள் கையை நீட்டினாள். "நீ தள்ளு" என்றாள் இவள். விரலை அடியில் விட்டாள். பள்ளத்தைத் தடவிப் பார்த்தாள், எதையோ தேடுகிற மாதிரி. எழுந்தாள். கட்டில், அலமாரி. அலமாரி முடிகிற இடத்தில் மேசைக்கு ஒரு எட்டு இடைவெளி. நான் நாற்காலியைப் பிடித்திருந்தேன், எழுந்திருக்கவில்லை. எழுந்தால் மகள் பார்ப்பாள். எட்டு வைத்தாள். மேசை. அப்படியே சமையலறை.

உள்ளேயிருந்து குரல்: "இந்தப் பாத்திரத்த எதவச்சுங்க தேச்சீங்க, சாம்பலா?"

மகள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பிறகு, "ஒரு வாரம் பாக்கலாம்ப்பா. ஒரே வாரம்" என்றாள்.

"ஏன், மீட்டர் ஓடுதா?" என்றேன்.

மாப்பிள்ளை பையை எடுத்துவரக் கீழே போனார், யாரும் சொல்லாமலே.

ஏப்ரல் 13, ஞாயிறு

வாரம் முடிந்தது. மகள் போன் செய்து வேறு எதையோ பேசிவிட்டு வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 24, வியாழன்

இன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. குளித்துவிட்டு வெளியே வந்தால் வீட்டில் ஆளைக் காணோம். கட்டில் காலி, சமையலறை காலி. வாசல் கதவு திறந்து கிடக்கிறது. துண்டோடு வெளியே ஓடினால், எதிர்வீட்டுக்குள்ளிருந்து இவள் சிரிப்புச் சத்தம். மாடிப்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டே போயிருக்கிறாள். எங்கே போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? கத்தினேன்.

"துண்ட ஒழுங்கா கட்டுங்க மொதல்ல" என்றாள், எல்லோர் முன்னாலும்.

அதோடு விட்டாளா? எதிர்வீட்டுக்காரியின் அம்மாவுக்கும் எழுந்திருக்க முடியவில்லையாம். கட்டிலுக்கு விளிம்பு போட்டுத் தருவார் என்று இவள் பாட்டுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை! எந்த மரம், எவ்வளவு தடிமன், எதுவும் தெரியாது. நான் என்ன கடை திறந்து வைத்திருக்கிறேனா?

முடியாது என்று சொல்லிவிட்டேன்.

காலையில் அந்தக் கிழவி எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாள் என்று கேட்க வேண்டும். பிட்டை எல்லாம் பிறகு பார்க்கலாம். அவள் எந்தக் கையை ஊன்றுகிறாள் என்று முதலில் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.